பழைய ஃபோர் வீல் ஜீப்பில் ஸ்டியரிங் சத்தம்: பாகம் மாற்றும் முன் தேடும் முறை

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மலைகளில், வத்தல்மலை, சித்தேரி, அஞ்செட்டி, பெட்டமுகிலாளம் பக்கம் ஓடும் பழைய ஜீப்களில் முன்பக்கம் சத்தம் வந்தால் பெரும்பாலும் ஒரே வைத்தியம்தான்: டை ராட் எண்ட் (இரண்டு முன் சக்கரங்களையும் சேர்த்துத் திருப்பும் கம்பியின் முனை மூட்டு) ஒரு செட் வாங்கி மாட்டுவது. பணம் போகும், சத்தம் போகாது. காரணம் எளிது. முன் ஆக்சில், ஸ்பிரிங் பட்டை, சேஸிஸ் (அடிச்சட்டம்), ஸ்டியரிங் பாக்ஸ் எல்லாம் இரும்போடு இரும்பாக இணைந்தவை. இடது பக்க ஷேக்கிளின் (ஸ்பிரிங் பட்டையின் முனையைச் சேஸிஸில் மாட்டும் ஆடும் இணைப்பு) முளையில் பிறக்கும் தட்டல் சேஸிஸ் வழியே ஓடி, டிரைவர் காலடியில் கேட்கும். கேட்கிற இடம் வேறு, பிறக்கிற இடம் வேறு. அதனால் முதலில் தேட வேண்டும், அதையும் ஒரு வரிசையில் தேட வேண்டும்.

இங்கே சொல்வது முன்னால் ஒரே துண்டு ஆக்சிலும் பட்டை ஸ்பிரிங்கும் உள்ள வண்டிகளுக்கு: மஹிந்திராவின் பழைய ஜீப் வகைகள், மாருதி ஜிப்ஸி போன்றவை. முன் சக்கரங்கள் தனித்தனியாக அசையும் வண்டிகளில் கீழே சொல்லும் பல சோதனைகள் பொருந்தும் என்றாலும், அவற்றின் பால் ஜாயிண்ட், கண்ட்ரோல் ஆர்ம் சமாச்சாரம் தனி.

முதலில் ஓட்டிக் கேளுங்கள்

டயர் காற்றை இரண்டு பக்கமும் சமமாக, வண்டிக்குச் சொன்ன அளவில் வைத்துவிட்டுத்தான் சோதனை ஓட்டம். காற்று குறைந்த டயரே ஸ்டியரிங்கைக் கனமாக்கும், முனகவும் செய்யும். ஜன்னலை இறக்குங்கள். பின்னால் கிடக்கும் ஜாக்கி, லிவர், சங்கிலி எல்லாவற்றையும் எடுத்துக் கீழே வையுங்கள். பிறகு நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: வண்டி நிற்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் சத்தம் வருகிறதா, நேராகப் போகும்போது வருகிறதா, திரும்பும்போது மட்டுமா, பிரேக் மிதித்தால் மாறுகிறதா.

மேடுபள்ளத்தில் "கட கட" என்று தட்டினால் புஷ் (மூட்டுத் துளையில் உட்காரும் ரப்பர் அல்லது இரும்பு உறை), ஷேக்கிள், டை ராட் எண்ட், கிங் பின் (முன் சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சு முளை), ஷாக் அப்சார்பர் ரப்பர், இவற்றில் ஏதோ ஒன்று. ஸ்டியரிங்கை ஓரம் வரை ஒடித்து, அந்த முழு ஒடிப்பில் மெதுவாக ஏறும்போது "டிக் டிக் டிக்" என்று சக்கரச் சுழற்சியோடு சேர்ந்து வந்தால் நக்கிளுக்குள் (ஸ்டியரிங்கோடு திரும்பி, சக்கரத்தைத் தாங்கும் பாகம்) இருக்கும் ஆக்சில் ஜாயிண்ட். திருப்பம் தொடங்கும் அந்த ஒரு நொடியில் "டக்" என்று ஒரே ஒரு முறை அடித்தால் ஆக்சிலைப் பட்டையோடு கட்டும் யூ போல்ட் தளர்வு, தளர்ந்த ஸ்டியரிங் பாக்ஸ் போல்ட், அல்லது சேஸிஸ் விரிசல். வேகம் கூடக் கூட "ஊ…" என்று ஏறும் முனகல் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) பேரிங்காக இருக்கலாம், டயராகவும் இருக்கலாம்.

அந்த முனகலைப் பிரிக்க ஒரு வழி உண்டு. பெரிய கட்டை போட்ட டயரின் சத்தம் தார் ரோட்டில் ஒரு மாதிரியும் ஊருக்குள் சிமெண்ட் ரோட்டில் வேறு மாதிரியும் இருக்கும். பேரிங் சத்தம் ரோட்டைப் பார்த்து மாறாது, எடையைப் பார்த்து மாறும். இடது பக்கம் வளையும்போது எடை வலது சக்கரத்தில் விழும். அப்போது முனகல் கூடினால் வலது ஹப்பைச் சந்தேகியுங்கள்.

கிரானைட் குவாரி வழியில் ஓடும் டிஸ்க் பிரேக் வண்டிகளில் இன்னொன்றும் நடக்கும். ஜல்லிச் சில்லு ஒன்று டிஸ்க்குக்கும் அதன் பின்தகட்டுக்கும் நடுவில் சிக்கி, காதைக் கிழிக்கிற கிறீச் சத்தம் வரும். திருப்பும்போது கூடும், குறையும். பேரிங் போய்விட்டது என்று பயந்துவிடுவார்கள். வண்டியை நாலைந்து அடி பின்னால் எடுத்தால் பல நேரம் அதுவே விழுந்துவிடும். விழாவிட்டால் சக்கரத்தைக் கழற்றி, மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் தகட்டை லேசாக விலக்கி எடுங்கள்.

கோளாறே இல்லாத ஒரு சத்தம்

புதிதாக ஃபோர் வீல் வாங்கியவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். இந்த வண்டிகளில் முன், பின் ஆக்சில்களுக்கு நடுவே டிஃபரென்ஷியல் (இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் கியர் அமைப்பு) கிடையாது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். மண், சேறு என்றால் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். தார் ரோட்டில் வழுக்க முடியாது. முறுக்கு புரொப்பெல்லர் ஷாஃப்டிலும் கியர்களிலும் ஏறி, ஸ்டியரிங் கட்டையாகி, "டங்" என்று விடுபடும். மலைப்பாதை ஏறி முடித்து ஃபோர் வீலை எடுக்க மறந்து தார் ரோட்டில் திரும்பினால் இதுதான் நடக்கும். லிவரை டூ வீலுக்கு மாற்றுங்கள். இறங்க மறுத்தால் சில அடி நேராகப் பின்னால் எடுத்தால் முறுக்கு அவிழ்ந்து இறங்கும். அதோடு சத்தமும் போனால் தேடுவதற்கு ஒன்றும் இல்லை.

முன் சக்கரத்தை ஆக்சிலோடு பூட்டவும் விடவும் குமிழ் உள்ள ஹப் இருந்தால் அதையும் பாருங்கள். ஒரு பக்கம் லாக்கிலும் மறு பக்கம் ஃப்ரீயிலும் இருக்கக் கூடாது. குமிழ் பாதியில் நின்றால் உள்ளே பற்கள் அரைகுறையாக மோதி "கரர்" என்று தட்டும். இரண்டையும் ஒரே நிலையில் முழுதாகத் திருப்பி வைத்து மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

தரையில் நிற்கும்போதே பாருங்கள்

பலர் எடுத்தவுடன் ஜாக்கி போட்டுத் தூக்குகிறார்கள். ஸ்டியரிங் இணைப்புகளைப் பொறுத்தவரை அது தப்பு. எடை சக்கரத்தில் இருக்கும்போதுதான் ஸ்டியரிங்கின் இழுவை ஒவ்வொரு ஜாயிண்ட்டிலும் ஏறும். தூக்கிவிட்டால் சக்கரம் சும்மா திரும்பிக்கொடுக்கும், தேய்ந்த ஜாயிண்ட் அசையாமல் நல்லதுபோல் நடிக்கும்.

மட்டமான இடத்தில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். சக்கரம் நேராக இருக்கட்டும். இன்ஜின் ஆஃப். பவர் ஸ்டியரிங் என்றால் மட்டும் இன்ஜின் ஓட வேண்டும். அப்போது கியர் நியூட்ரலில், கீழே இருப்பவர் ஃபேன், பெல்ட் பக்கம் போகாமல் இருக்க வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை மணிக்கட்டு அசைவில், சுமார் 5 செமீ இந்தப் பக்கம், 5 செமீ அந்தப் பக்கம், விடாமல் ஆட்ட வேண்டும். முழுதாகத் திருப்ப வேண்டாம். சக்கரம் திரும்பத் தொடங்கும் இடம் வரை போதும்.

கீழே இருப்பவர் ஸ்டியரிங் வீலில் தொடங்கிச் சக்கரம் வரை வரிசையாகப் போக வேண்டும். காலம் கப்ளிங், ஸ்டியரிங் பாக்ஸ், அதிலிருந்து இறங்கும் டிராப் ஆர்ம், அதன் இழுவையைச் சக்கரப் பக்கம் கொண்டுபோகும் டிராக் லிங்க், டை ராட், நக்கிள் ஆர்ம். மிகப் பழைய ஜீப்களில் நடுவில் பெல் கிராங்க் (இழுவையின் திசையை மாற்றும் நெம்பு) ஒன்றும் இருக்கும். அதன் முளையும் புஷ்ஷும் தேய்வது மிகச் சாதாரணம்.

ஒவ்வொரு ஜாயிண்ட்டிலும் விரல் வைக்கும் விதம் முக்கியம். பெருவிரல் ராடின் கப் மீது, ஆள்காட்டி விரல் அது மாட்டியிருக்கும் ஆர்ம் மீது. இரண்டு விரலும் ஒன்றாக நகர்ந்தால் ஜாயிண்ட் நல்லது. ஒரு விரல் முன்னால் போய், மற்றது கொஞ்சம் தாமதித்து வந்தால் அங்கே ப்ளே (தேய்வால் வந்த ஆட்டம்) இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அரை மில்லிமீட்டர்கூட விரலுக்குத் தெரியும். மேலே இருப்பவர் ஆட்ட ஆட்ட, கீழிருந்து "இங்கதாண்ணா தட்டுது" என்று குரல் வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். விரலை இரண்டு இரும்புக்கும் நடுவிலுள்ள சந்தில் மட்டும் நுழைக்காதீர்கள், நசுங்கிவிடும்.

டிராப் ஆர்ம் ஸ்டியரிங் பாக்ஸ் ஷாஃப்டின் பல் மீது உட்கார்ந்திருக்கும். ஷாஃப்ட் திரும்பியும் ஆர்ம் ஒரு நூல் தாமதித்தால், நட் தளர்ந்திருக்கிறது அல்லது பல் தேய்ந்திருக்கிறது. பல் தேய்ந்த ஆர்மை வெல்டிங் வைத்து ஒட்டும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள், செய்யவும் விடாதீர்கள். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் அந்த ஒட்டு விட்டால் ஸ்டியரிங் வீல் கையில் இருக்கும், சக்கரம் தன் இஷ்டத்துக்குப் போகும்.

அடுத்து பாக்ஸையே பாருங்கள். ஸ்டியரிங்கை ஆட்டும்போது பாக்ஸ் சேஸிஸோடு ஒட்டி நிற்க வேண்டும். கொஞ்சம் நகர்ந்தாலும் போல்ட் தளர்வு, அல்லது அதன் அடியில் சேஸிஸ் விரிசல். விரிசலைக் கண்டுபிடிக்க விலையில்லாத வழி ஒன்று: கம்பி பிரஷ்ஷால் அந்த இடத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து, மண்ணெண்ணெயோ டீசலோ நன்றாகத் தடவுங்கள். 10 நிமிடம் விட்டுத் துணியால் சுத்தமாகத் துடைத்துக் காயவிடுங்கள். அதன் மேல் சாக்பீஸ் தூளைப் பூசி, ஸ்டியரிங்கை நாலைந்து முறை ஆட்டச் சொல்லுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் வெளியே கசிந்து, வெள்ளைத் தூளில் மயிரிழைபோல் ஒரு கறுப்புக் கோடு விழும். கோடு விழுந்தால் விரிசலின் நுனியில் சிறு துளை போட்டு அது மேலும் ஓடாமல் தடுத்து, மேலே இரும்புத் தகடு கொடுத்து வெல்டிங் செய்யத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

ஸ்டியரிங் வீலுக்கு அடியிலிருந்து மட்டும் "கிறு கிறு" என்று வந்தால் சில நேரம் ஹாரன் காண்டாக்ட் காய்ந்து உரசுவதுதான். துளி கிரீஸ் போதும்.

இப்போது ஜாக்கி

ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, ஸ்டாண்ட் வைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். செங்கல்லை அடுக்கி ஸ்டாண்டாக்க வேண்டாம், செங்கல் சொல்லாமல் உடையும்.

சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் அது ஹப் பேரிங்கா, கிங் பின்னா என்று பிரிக்க வேண்டும். ஒருவரைப் பிரேக்கை அழுத்தி மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்தால் ஹப் நக்கிளோடு கட்டுண்டுவிடும். அப்போது ஆட்டம் மறைந்தால் குற்றம் ஹப் பேரிங்கில், மறையாவிட்டால் கிங் பின்னில். இதைத் தெரியாமல் ஹப் பேரிங்கை மாற்றி, ஆட்டம் அப்படியே இருக்கும் வண்டிகள் நிறைய.

இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் மட்டும் தளர்வு தெரிகிறது, மேலும் கீழும் பிடித்தால் இல்லை என்றால் டை ராட் பக்கம் போங்கள்.

ஹப் பேரிங் தளர்வு என்றால் உடனே மாற்ற வேண்டியதில்லை. உள்ளே இரண்டு டேப்பர் பேரிங், வெளியே ஒரு அட்ஜஸ்ட் நட், நடுவில் மடிப்பு வாஷர், அதற்கு மேல் லாக் நட் என்பதே பெரும்பாலான அமைப்பு. பேரிங்கைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, உருளைகளில் குழியோ நீலம் பாய்ந்த நிறமோ இருக்கிறதா பாருங்கள். நன்றாக இருந்தால் லித்தியம் வீல் பேரிங் கிரீஸை உள்ளங்கையில் வைத்து, மறுபக்கம் பிதுங்கி வரும்வரை உருளைகளுக்குள் அழுத்துங்கள். மாட்டும்போது சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே அட்ஜஸ்ட் நட்டை இறுக்கி, சக்கரம் பிடிக்கத் தொடங்கியதும் சுமார் 6ல் 1 பங்கு சுற்று தளர்த்துவது பழைய ஜீப் வழக்கம். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுதான் கணக்கு. லாக் நட்டை இறுக்கிய பிறகு ஆட்டத்தை மறுபடி பாருங்கள், லாக் நட் இறுகும்போது அளவு கொஞ்சம் மாறும்.

கிங் பின்னும் உருண்டை நக்கிளும்

ஜிப்ஸியிலும் பழைய ஜீப்களிலும் ஆக்சிலின் முனை இரும்புப் பந்துபோல் இருக்கும், அதை மூடி நக்கிள் திரும்பும். மேலே ஒரு கிங் பின், கீழே ஒன்று, அவற்றுக்கு டேப்பர் பேரிங். கிங் பின் மூடிக்கு அடியில் இருக்கும் மெல்லிய ஷிம் தகடுகள்தான் பேரிங்கின் இறுக்கத்தைத் தீர்மானிக்கின்றன. ஷிம்மை எடுத்தால் இறுகும், சேர்த்தால் தளரும்.

50, 60 கிமீ வேகத்தில் ஒரு சிறு பள்ளத்தில் விழுந்ததும் முன் சக்கரங்கள் இரண்டும் வெறி பிடித்ததுபோல் இடமும் வலமும் உதறும், வண்டியை நிறுத்தினால்தான் அடங்கும். அந்த உதறலுக்கு இந்தக் கிங் பின் இறுக்கம் போனது முக்கியமான ஒரு காரணம். டை ராட் எண்ட் தேய்வு, பேலன்ஸ் இல்லாத டயர், ஆக்சிலின் காஸ்டர் கோணம் (கிங் பின் அச்சின் பின்சாய்வு) மாறியது ஆகியவையும் சேர்ந்துகொள்ளும். ஸ்டியரிங் டேம்பர் (உதறலை அடக்கும் சிறு ஷாக் அப்சார்பர்) புதிதாகப் போட்டால் உதறல் கொஞ்ச நாள் மறையும். தேய்மானம் உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும். டேம்பரைக் கடைசியில் யோசியுங்கள்.

இறுக்கத்தை அளக்க டை ராடைக் கழற்றிவிட்டு, நக்கிள் ஆர்மின் துளையில் கொக்கித் தராசை மாட்டி, நக்கிள் நகரத் தொடங்க எத்தனை கிலோ இழுக்க வேண்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பந்தின் மேல் உள்ள ஆயில் சீலைக் கழற்றிவிட்டு அளப்பதுதான் சரி, சீலின் உரசல் கணக்கைக் கெடுத்துவிடும். அளவு வண்டிக்கு வண்டி மாறும். கையேட்டைப் பார்க்காமல் கைக்கணக்கில் ஷிம் எடுக்காதீர்கள். அதிகம் இறுகினால் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது. ஷிம்மை மேலும் கீழும் சம அளவு எடுத்தால்தான் ஆக்சில் ஜாயிண்ட் நடுவில் நிற்கும்.

நக்கிளைத் திறக்கும்போது கிரீஸின் நிறத்தைப் பாருங்கள். மோர்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சின்னாறு, தென்பெண்ணை ஆறுகளில் இறக்கி ஏற்றிய வண்டிகளில் இது சகஜம். பழைய கிரீஸை முழுதும் வழித்து, ஜாயிண்ட்டையும் பேரிங்கையும் கழுவி, துருக் குழி இருந்தால் மாற்றி, பந்தைத் துடைக்கும் சீலையும் ஃபெல்ட்டையும் கட்டாயம் புதிதாகப் போடுங்கள். புது கிரீஸ் போட்டுப் பழைய சீலை விட்டால் அடுத்த மழைக்கே திரும்ப வர வேண்டியிருக்கும்.

பட்டை, ஷேக்கிள், யூ போல்ட்

ஷேக்கிள் பக்கத்தில் கடப்பாரை நுனியைச் சேஸிஸுக்கும் பட்டையின் கண்ணுக்கும் (முனை வளையம்) நடுவில் கொடுத்து நெம்புங்கள். ரப்பர் புஷ் கொஞ்சம் அமுங்கித் திரும்ப வேண்டும். இரும்பு இரும்பில் இடித்தால் புஷ் முடிந்தது. ரப்பர் புஷ் காய்ந்து கீச்சிடுகிறதா என்று தெரிய சோப்புத் தண்ணீரைத் தெளித்து வண்டியை அமுக்கி ஆட்டுங்கள். சத்தம் சற்று நேரம் நின்றால் இடம் கிடைத்துவிட்டது. அதற்காக ரப்பரில் ஆயிலோ கிரீஸோ ஊற்றாதீர்கள், ரப்பர் ஊறிக் கெடும். கிரீஸ் நிப்பிள் உள்ள இரும்புப் புஷ்களுக்கு மட்டுமே கிரீஸ். பட்டைகளுக்கு இடையே கழிவு ஆயில் அடிக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். குவாரித் தூசியும் செம்மண்ணும் அதில் ஒட்டி, பட்டையை அரைக்கும் பசையாகிவிடும்.

இரண்டு பக்கமும் பட்டையின் முன் கண்ணில் உள்ள முளையிலிருந்து ஆக்சில் நடு வரை டேப்பால் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் கூடுதலாக இருந்தால் பட்டைகளைக் கோத்து ஆக்சிலின் இடத்தை நிறுத்தும் சென்டர் போல்ட் அறுந்து ஆக்சில் நகர்ந்திருக்கிறது. அது பிரேக் போடும்போது "டக்", வண்டி ஒரு பக்கம் இழுப்பது, ஸ்டியரிங் வீல் கோணலாக நிற்பது எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுக்கும். ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் தக்காளிக் கூடை ஏற்றும் வண்டிகளில் பின்பக்கம் எப்போதும் அமுங்கி முன்பக்கம் லேசாகிறது, காஸ்டர் கோணமும் மாறுகிறது. சுமையோடு மட்டும் உதறும் வண்டிக்குப் பின் பட்டையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஸ்டியரிங் பாக்ஸ் கடைசியில்

இணைப்புகள் எல்லாம் நன்றாக இருந்தும் ஸ்டியரிங்கில் ஆட்டம் இருந்தால்தான் பாக்ஸுக்குப் போக வேண்டும். முதலில் ஆயில் அளவு. பவர் இல்லாத பல பாக்ஸ்களில் 90 நம்பர் கியர் ஆயில்தான், கையேட்டில் உறுதி செய்துகொள்ளுங்கள். மேலே உள்ள அட்ஜஸ்ட் ஸ்க்ரூவைத் திருப்புவது சுலபம், அதனால்தான் ஆபத்து. பாக்ஸ் நடுப்பகுதியில்தான் அதிகம் தேயும். நடுவில் ஆட்டம் போகும்வரை இறுக்கினால் ஓரங்களில் பிடித்துக்கொள்ளும். சக்கரத்தைத் தூக்கி, ஸ்டியரிங்கை நேரில் வைத்து, லாக் நட்டைத் தளர்த்தி, ஒரு தடவைக்கு 8ல் 1 பங்கு சுற்று மட்டும் இறுக்குங்கள். ஒவ்வொரு தடவையும் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை திருப்பிப் பாருங்கள். எங்காவது கட்டையானால் திரும்பத் தளர்த்திவிடுங்கள்.

பவர் ஸ்டியரிங் முனகினால் ஆயில் குறைவு, அல்லது குழாய் வழியே காற்று இழுப்பு. ஆயிலில் நுரை இருந்தால் காற்றுதான். முழு ஒடிப்பில் மட்டும் கீச்சென்றால் பெல்ட்.

டை ராட் எண்ட் மாற்றுவது

காட்டர் பின்னை (நட் கழலாமல் குறுக்கே போடும் பிளவுக் கம்பி) எடுத்து, அது உட்காரும் வெட்டுள்ள கேசில் நட்டைச் சில சுற்று மட்டும் தளர்த்துங்கள், முழுதும் கழற்ற வேண்டாம். நக்கிள் ஆர்மின் கண்ணுக்கு ஒரு பக்கம் கனமான சுத்தியலை அண்டக் கொடுத்து, மறுபக்கம் இன்னொரு சுத்தியலால் ஓங்கி ஓரிரு அடி. டேப்பர் (எண்டின் கூம்பு முளை) "டப்" என்று விட்டுவிடும். மரை முனையில் அடித்தால் மரை நசுங்கும், டேப்பர் விடாது. பழைய எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்று வந்தது என்று எண்ணி, புதியதை அதே எண்ணிக்கை ஏற்றுங்கள். ஒரு முனை வலது மரை, மறு முனை இடது மரை. நட்டை இறுக்கியதும் காட்டர் பின் துளை பொருந்தாவிட்டால் முன்னோக்கி இறுக்கித்தான் பொருத்த வேண்டும், பின்னோக்கித் தளர்த்தக் கூடாது. மிகப் பழைய டிராக் லிங்க்கில் ஸ்பிரிங்கும் ஸ்க்ரூ பிளக்கும் இருந்தால், பிளக்கை முழுதும் இறுக்கி, அரைச் சுற்று முதல் ஒரு சுற்று வரை தளர்த்தி, காட்டர் பின் போடுங்கள். கம்பியை முறுக்கிக் காட்டர் பின்னாக்கும் வேலை வேண்டாம்.

மாட்டி முடித்ததும் டோ-இன் (முன் சக்கரங்கள் முன்பக்கம் லேசாக உள்நோக்கி நிற்கும் அளவு) பார்க்க வேண்டும். அலைன்மெண்ட் கடை வரை போகும் அளவுக்கு நாமே வைக்கலாம்: ஹப் உயரத்தில் இரண்டு டயரின் முன்பக்க நடுவிலும் சாக்பீஸ் கோடு போட்டு இடைவெளியை அளந்து, கோடுகள் பின்பக்கம் அதே உயரத்துக்கு வரும்வரை வண்டியை முன்னே தள்ளி மறுபடி அளங்கள். முன்பக்க அளவு ஒரு சில மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும், சரியான எண் கையேட்டில் இருக்கும்.

டிராப் ஆர்ம் தளர்வு, சேஸிஸ் விரிசல், கழன்று வரும் அளவுக்குத் தேய்ந்த டை ராட் எண்ட், அறுந்த சென்டர் போல்ட், இந்த நான்கில் எது தெரிந்தாலும் வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகாதீர்கள். மெக்கானிக்கை இடத்துக்கு வரச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் யூ போல்ட், ஸ்டியரிங் பாக்ஸ் போல்ட், டிராப் ஆர்ம் நட் ஒவ்வொன்றின் மீதும் நட்டிலிருந்து பக்கத்து இரும்பு வரை வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். யூ போல்ட்டைக் குறுக்கும் மறுக்குமாக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும், புதிதாகப் போட்டிருந்தால் 500 கிமீ ஓடியதும் மறுபடி ஸ்பேனர் வைக்க வேண்டும். அன்றைக்கு அந்தக் கோடுகளைப் பாருங்கள். பிசகிய நட்டை மறுபடி இறுக்குங்கள். அதே நட் இரண்டாவது முறையும் பிசகினால் இறுக்கி அனுப்பாமல் போல்ட்டைக் கழற்றித் துளையைப் பாருங்கள், துளை முட்டை வடிவத்துக்குப் போயிருக்கும்.